கைக்குழந்தையோடு விமானத்தில்: பாலூட்டும் அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவர் இருக்கும் ஊருக்குக் கிளம்புவது நம் பக்கத்தில் வழக்கம்தான். முன்பு பஸ்ஸிலோ ரயிலிலோ போனார்கள், கூடவே யாராவது ஒரு பெரியம்மா துணைக்கு வருவார். இப்போது திருச்சியிலிருந்து சிங்கப்பூர், சென்னையிலிருந்து துபாய், லண்டன் என்று பயணம் நீண்டுவிட்டது. பெரியம்மாவுக்கு விசா கிடையாது. விமான நிலைய வாசலோடு துணை முடிந்துவிடுகிறது.

நானும் என் மகளை நாலரை மாதத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகத் தூக்கிப் போனவள். அதன்பிறகு தெரிந்த பெண்கள் பலர் கிளம்பும் முன் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறுள்ள குழந்தை என்றால் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். உங்கள் குழந்தை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

குழந்தை பிறந்து எத்தனை நாளில் விமானம் ஏறலாம்?

விமான நிறுவனங்கள் சில மூன்று நாளிலேயே ஏற்றிக்கொள்கின்றன, சில ஏழு நாள் ஆக வேண்டும் என்கின்றன, அதற்குள் என்றால் மருத்துவர் சான்றிதழ் கேட்கின்றன. ஆனால் அது டிக்கெட் விதி. தாய்க்கும் பிள்ளைக்கும் பால் குடியும் பழக்கமும் ஒரு தாளத்துக்கு வரவே நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். வெளிநாடு என்றால் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று அலைவதற்குள் எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும்.

குழந்தையை மட்டுமே யோசிக்கிறோம், அம்மாவையும் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் ஆறு வாரத்தில் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு சாதாரண நாட்களைவிட அதிகம். சிசேரியன் என்றால் இன்னும் அதிகம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவது இதற்கு நல்லதல்ல. அந்த ஆறு வாரத்துக்குள் கிளம்பியே ஆக வேண்டுமென்றால், அழுத்தம் தரும் நீள சாக்ஸ் தேவையா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மேலே ஏறும்போது காது வலிக்குமாமே, அப்போது பால் கொடுத்தால் போதுமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். எல்லோரும் "ஏறும்போது பால் குடு" என்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன், தப்பாகப் போனது.

நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையே மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. விமானம் மேலே போகும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. நடுக்காதில் அடைபட்ட காற்று விரிந்து அந்தக் குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும், பெரிய சிரமம் இருக்காது. இறங்கும்போது கதை தலைகீழ். வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும், காற்று உள்ளே போயாக வேண்டும், ஆனால் குழாயின் வாய் ஒட்டிக்கொண்டு வழிவிடாது. செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். அந்த வலிதான் குழந்தையை அலற வைக்கிறது. விழுங்கினால் அந்த வாய் ஒரு கணம் திறக்கும். பெரியவர்கள் கொட்டாவி விடுவோம், மிட்டாய் சப்புவோம். குழந்தைக்குத் தெரிந்த ஒரே வித்தை பால் குடிப்பது.

ஆகவே பால் முக்கியமாகத் தேவைப்படுவது இறங்கும்போது.

என் மகளுக்கு ஏறும்போது இரண்டு பக்கமும் வயிறு முட்டக் கொடுத்தேன். நடுவில் சும்மா சிணுங்கினாள், மறுபடியும் கொடுத்தேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை நெருங்கியபோது காது வலிக்க ஆரம்பித்தது. மார்பில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். பசியே இல்லாத பிள்ளை எப்படிக் குடிக்கும்? கடைசி இருபது நிமிடம் அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இது. ஏறும்போது கொஞ்சம் கொடுங்கள், அல்லது சும்மா விடுங்கள். நாலு மணி நேரப் பயணம் என்றால், இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வரை குடிப்பது குடிக்கட்டும். அதன்பிறகு சிணுங்கினால் தோளில் போட்டு நடங்கள், ஜன்னலைக் காட்டுங்கள். நிஜமாகவே பசித்து அழுதால் கொடுக்காமல் இருக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கொடுத்து, மறு பக்கத்தை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஆரம்பிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெல்ட் விளக்கு எரிவதை நம்பக் கூடாது. தரையிறங்குவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே விமானம் கீழே வரத் தொடங்கிவிடும், விளக்கு சில சமயம் தாமதமாகத்தான் எரியும். ஏறி உட்கார்ந்ததுமே பணிப்பெண்ணிடம் சொல்லி வையுங்கள்: "இறங்க ஆரம்பிச்சதும் எனக்கு வந்து சொல்லுங்க, பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்." மறக்காமல் வந்து சொல்வார்கள். இல்லையென்றால் உங்கள் காதே சொல்லும். உங்களுக்கு லேசாக அடைத்தால் குழந்தைக்கும் அதே நேரம்தான்.

முப்பது நிமிடம் தொடர்ந்து குடிக்காது. விட்டு விட்டுக் கொடுங்கள், பக்கம் மாற்றுங்கள். மார்பு வேண்டாம் என்றால் சூப்பான், கழுவிய சுண்டு விரல், எதையாவது சப்ப விடுங்கள். ஒன்றுமே நடக்காமல் அழுதாலும் கலங்க வேண்டாம். அழும்போது நடுநடுவே எச்சிலை விழுங்கும் அல்லவா, அதிலும் குழாய் திறக்கத்தான் செய்யும்.

சளி பிடித்திருக்கிறதே?

சளியிருந்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்திருக்கும், வலி கூடும். காதில் சீழ், காய்ச்சல், காதைப் பிடித்து இழுத்து அழுவது, இதில் ஏதாவது இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தேதியைத் தள்ளிப் போடச் சொன்னால் தள்ளிப் போடுங்கள். மூக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, இறங்குவதற்கு முன் மூக்கில் விட்டுக்கொள்ளலாம்.

இறங்கும் நேரத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கட்சி. தூக்கத்தில் விழுங்குவது குறைவு, அதனால் எழுப்பு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நிம்மதியாகத் தூங்கும் பிள்ளைக்கு வலி இல்லை என்றுதான் அர்த்தம். வலித்தால் அதுவே எழுந்துவிடும். சட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

பெல்ட் போட்டுக்கொண்டு பால் கொடுக்க விடுவார்களா?

பெரும்பாலும் விடுவார்கள். இந்தியாவிலும் பல நாடுகளிலும் மடிக்குழந்தைக்கு ஒரு சின்ன பெல்ட் தருவார்கள், அது உங்கள் பெல்ட்டோடு கோத்துக்கொள்ளும். அமெரிக்க நிறுவனங்கள் அதை அனுமதிப்பதில்லை, அங்கே கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்ன பெல்ட் போட்டபடி குழந்தையை ஒருக்களித்து மார்புக்குக் கொண்டுவர முடியும், வீட்டு நாற்காலியில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டி ஒத்திகை பார்த்தால் கை பழகிவிடும். துணித்தூளியில் கட்டிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் அதிலிருந்து குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வார்கள் என்பதை நினைவில் வைக்கவும். பணியாளர் ஏதாவது சொன்னால் அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம், அவர் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

பக்கத்தில் ஆண் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கொடுப்பது? கூச்சமாக இருக்கிறதே.

கூச்சம் இயல்புதான். அது வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கூச்சத்துக்காகக் குழந்தையைக் கழிவறைக்குத் தூக்கிப் போகாதீர்கள். அந்தப் பொட்டி அளவு அறையில் உட்காரவும் இடமில்லை, சுத்தமும் இல்லை, விமானம் குலுங்கினால் பிடித்துக்கொள்ளவும் முடியாது. நாம் கழிவறையில் உட்கார்ந்து சாப்பிடுவோமா?

புடவையைவிடப் பாலூட்டத் தோதான உடை இல்லை. முந்தானை ஒன்று போதும், மேல்போர்வை தனியாக வேண்டாம். ஆனால் தனியாகக் குழந்தையையும் பையையும் சுமந்துகொண்டு புடவையில் ஓட எல்லோராலும் முடியாது. பக்கவாட்டில் ஜிப் வைத்த குர்த்தி, மேலே ஒரு பெரிய பருத்தித் துப்பட்டா என்பது என் தேர்வு. புதிதாக வாங்கும் பாலூட்டும் போர்வையை விமானத்தில் முதல் முறை பிரிக்காதீர்கள். பழகாத குழந்தை அதைக் காலால் எட்டி உதைத்துத் தள்ளிவிடும், மூடாமல் இருந்தால் பார்ப்பதைவிட அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

பக்கத்து சீட்டில் சங்கடம் என்றால் ஏறியவுடனே பணியாளரிடம், "பொண்ணுங்க பக்கத்துல மாத்தித் தர முடியுமா?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், காரைக்குடிப் பக்கத்துக்காரர், நான் துப்பட்டாவைத் தேடுவதைப் பார்த்ததும், "நீ பாட்டுக்குப் பிள்ளையைப் பாரு ஆத்தா" என்று சொல்லிவிட்டுத் தலையை அந்தப் பக்கம் திருப்பித் தூங்கிவிட்டார். நாலு மணி நேரமும் அப்படியே இருந்தார். கழுத்து என்னத்துக்கு ஆகியிருக்குமோ.

யாராவது "இங்கே கொடுக்காதே" என்று சொன்னால்?

பணியாளரைக் கூப்பிடுங்கள், நீங்கள் இடம் மாற வேண்டியதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2006 அக்டோபரில், போர்வை போட்டுக்கொள்ள மறுத்ததற்காக ஒரு தாயைப் புறப்படும் முன்பே விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே பல விமான நிலையங்களில் தாய்மார்கள் கூட்டமாக உட்கார்ந்து குழந்தைகளுக்குப் பால் கொடுத்துப் போராட்டம் நடத்தினார்கள். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாலூட்டும் தாயிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2025 பிப்ரவரியில், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, பொதுக் கட்டடங்களில் அதற்கான அறைகள் அமைக்க வலியுறுத்தியது. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015லேயே திறக்கப்பட்டன, அதை நாம் பார்த்தே பழகியவர்கள். சில ஊரில் அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தேட வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

விமான நிலையங்களில் அறை தேடினால் "பேபி கேர் ரூம்" என்று கேளுங்கள். பலகை கண்ணில் படாத மூலையில் இருக்கும், துப்புரவுப் பணியாளர் அக்காக்களுக்குத்தான் இடம் சரியாகத் தெரியும். அமெரிக்காவில் நடுத்தர, பெரிய விமான நிலையங்களின் ஒவ்வொரு முனையத்திலும் பாலூட்டும் அறை இருக்க வேண்டும் என்று 2018இல் சட்டமே வந்துவிட்டது.

எந்த இருக்கை நல்லது?

ஜன்னல் ஓரம். ஒரு பக்கம் சுவர், மறைவு கிடைக்கும், நடந்து போகிறவர் கையோ சாப்பாட்டு வண்டியோ குழந்தையின் காலில் இடிக்காது. கணவரோ அம்மாவோ கூட வந்தால் அவர்களை நடுவில் உட்கார வைத்துவிடலாம். தனியாகப் போனால் அடிக்கடி எழுந்து நடக்க நடைபாதை ஓரம்தான் வசதி என்பவர்களும் உண்டு. குழந்தை தோளில் நடந்தால்தான் தூங்கும் ரகமா, மடியிலேயே தூங்கும் ரகமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் நீண்ட தூரப் பெரிய விமானங்களில் கிடைக்கும். "பேசினெட்" என்று கேட்டால்தான் புரியும். டிக்கெட் எடுத்த அன்றே கேட்டுப் பதிந்துவிடுங்கள், எண்ணிக்கை சில மட்டுமே. எடை வரம்பும் உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விமானம் குலுங்கும்போதெல்லாம் தூங்கும் பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்வார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகும் ஒற்றை நடைபாதை விமானங்களில் பெரும்பாலும் தொட்டில் கிடையாது. முன்வரிசையில் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது, அது பால் கொடுக்கும்போது விலாவில் இடிக்கும். தொட்டில் இல்லையென்றால் முன்வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம்.

எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாதுகாப்புச் சோதனையில் விடுவார்களா? 100 மில்லி விதி இருக்கிறதே.

2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி அது. குழந்தைக்கான பாலுக்கு விலக்கு உண்டு. இந்தியாவிலும் குழந்தை கூடவே இருந்தால் பயணத்துக்குத் தேவையான பாலை எடுத்துப் போகலாம். பையிலிருந்து தனியே எடுத்துத் தட்டில் வைத்து, "பாப்பாவுக்குப் பால்" என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பைக்குள் ஒளிந்திருந்தால்தான் சந்தேகம் வரும்.

அமெரிக்காவில் குழந்தை கூட இல்லாவிட்டாலும் 100 மில்லிக்கு மேல் தாய்ப்பால் கொண்டுபோக அனுமதி உண்டு, அதைக் குளிர வைக்கும் ஐஸ் பொட்டலங்களுக்கும் சேர்த்து. பிரிட்டனிலும் குழந்தை இல்லாமல் கொண்டுபோகலாம், ஒரு கொள்கலனில் 2 லிட்டர் வரை. ஆனால் உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் விடமாட்டார்கள். லண்டனிலிருந்து கிளம்பும் பல அம்மாக்கள் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். உறைய வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் சோதனை மேசையருகே நிற்பது மிகக் கொடுமை. திரவமாகக் கைப்பையில் கொண்டுபோங்கள், இல்லை உறைந்ததைச் சரக்குப் பெட்டியில் போடுங்கள்.

ஒருவேளை ஒரு அதிகாரி குடித்துக் காட்டச் சொன்னால்? உங்கள் பால்தான், ஆனால் மூடியைத் திறந்து வாய் வைத்தால் சுத்தம் போய்விடும். வேறு விதமாகச் சோதிக்க முடியுமா என்று பொறுமையாகக் கேளுங்கள், மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் போனால் பால் கெட்டுவிடுமா?

கெடாது.

எவ்வளவு நேரம் தாங்கும்?

25 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கும் அறையில் 4 மணி நேரம். குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள். நன்றாக உறைந்த ஐஸ் பொட்டலங்களோடு, காப்புள்ள பையில் 24 மணி நேரம். உறைய வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உருக்கியதை ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள், இல்லையென்றால் கொட்டிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் சென்னைப் போக்குவரத்து நெரிசலில் கார் நிற்கும்போது அந்த நாலு மணி நேரக் கணக்குச் செல்லாது. வீட்டுக் கதவைத் தாண்டிய நிமிடத்திலிருந்து ஐஸோடுதான் இருக்க வேண்டும்.

புட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. 8,000 அடியில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். புட்டிக்குள் அடைபட்ட காற்று விரிந்து, மூடியைத் திறந்ததும் ரப்பர் காம்பு வழியே பால் பீச்சும். மேலே போனதும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி இறுக்குங்கள். வயிற்றுக் காற்றும் அப்படித்தான் விரியும். வீட்டில் ஒருமுறை ஏப்பம் எடுத்தால் போதும் என்ற குழந்தைக்கு விமானத்தில் இரண்டு முறை எடுங்கள்.

புட்டி பழகாத குழந்தையா? பாலாடை எடுத்துக்கொள்ளுங்கள், சில வீட்டில் சங்கு என்பார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் போகும்போது சங்கில் பால் கொடுக்க வெட்கமாக இருக்கிறது என்று ஒரு தங்கை சொன்னாள். எதற்கு வெட்கம்? குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே அதில்தான் கொடுக்கிறார்கள், கழுவுவதும் சுலபம்.

பாலைச் சூடாக்கித் தரச் சொல்லலாமா?

ஒரு கோப்பையில் வெந்நீர் கேட்டு, புட்டியை அதில் நிறுத்திவையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு இடத்தில் கொதிக்கும், ஒரு இடத்தில் குளிர்ந்திருக்கும், வாய் வெந்துவிடும். விமானத்தில் தரும் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், அதை மடியில் குழந்தையோடு வாங்காதீர்கள், தட்டில் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த பாலை அப்படியே குடிக்கும் பிள்ளை என்றால் சூடாக்கவே தேவையில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பவுடர் டப்பா வாங்கிக்கொள்ளட்டுமா? தண்ணீர் கொடுக்க வேண்டாமா, உள்ளே ரொம்ப வறட்சியாமே?

நேரடியாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு இவை எதுவும் தேவையில்லை. விமானத்துக்குள் ஈரப்பதம் மிகக் குறைவு, உதடு காயும் என்பது உண்மை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தண்ணீரும் வேண்டாம், ஓமத்தண்ணியும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம். தாகமெடுத்தால் அடிக்கடி குடிக்கும், அவ்வளவுதான். ஏற்கனவே பவுடரும் கொடுத்துப் பழகியவர்கள் அதை அளந்து பொட்டலம் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், அதில் குற்றவுணர்ச்சி எதுவும் வேண்டாம்.

தண்ணீர் தேவைப்படுவது உங்களுக்கு. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர். குறைந்த கட்டண விமானங்களில் தண்ணீருக்குக் காசு கேட்கலாம். சோதனை தாண்டியதும் காலிப் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், அலைந்துவிட்டு வந்ததும் சூட்டுப்பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்கிறாரே என் மாமியார்?

நீங்கள் குடிப்பது வயிற்றிலேயே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பாலின் சூடு எப்போதும் உங்கள் உடம்பின் சூடுதான், விமானத்தில் போனாலும் மாடியேறி வந்தாலும். கொட்டவே கொட்டாதீர்கள். சூட்டுப்பால் என்பது அலைந்து வந்த மருமகளை இரண்டு நிமிடம் உட்கார வைக்க யாரோ ஒரு நல்ல மாமியார் கண்டுபிடித்த சாக்கு என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காபி ஒன்றிரண்டு பரவாயில்லை. இலவசமாகத் தருகிறார்களே என்று ஒயினைத் தொடாதீர்கள், குழந்தை உங்கள் மடியிலேயேதான் தூங்கப் போகிறது.

தூங்குவதற்கு ஏதாவது சொட்டு மருந்து கொடுக்கலாமா?

கூடாது. சளி மருந்தை மயக்கத்துக்காகக் கொடுக்கும் பழக்கம் ரொம்பப் பேரிடம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது மூச்சையே பாதிக்கலாம், சில குழந்தைகளுக்கு மாறாகத் துள்ள வைக்கும். உங்களுக்கு வாந்தி வரும் சுபாவம் என்றாலும் மாத்திரை போடும் முன், பால் கொடுக்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்காகப் பறக்கிறேன். பால் கட்டிக்கொண்டால்?

வீட்டில் எத்தனை மணிக்கு ஒருமுறை கொடுப்பீர்களோ அதே கணக்கில் எடுத்துவிடுங்கள். விட்டால் முதலில் மார்பு கல் போலாகும், பிறகு கட்டி, அதன்பின் காய்ச்சல் வரை போகும். மின்சாரத்தில் ஓடும் பம்பைக் கைப்பையில் வையுங்கள். உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது. 2025 முதல் பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன, அதனால் பம்பை வீட்டிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். கூடவே கையால் பீச்சவும் கற்றுக்கொள்ளுங்கள். பம்பு பழுதாகும், கை பழுதாகாது.

பம்பு போடக் கழிவறை வேண்டாம் என்றால், பணியாளர்களின் சமையலறைப் பகுதியில் திரை இழுத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிலர் தருவார்கள். இல்லையென்றால் ஜன்னல் இருக்கையும் சால்வையும்.

எடுத்த பாலை உறைய வைத்துக் கொண்டுவர உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ்) வேண்டுமென்றால், ஒருவருக்கு இரண்டரை கிலோ வரைதான், அதுவும் விமான நிறுவனத்திடம் முன்னரே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

இரட்டைக் குழந்தைகள். நான் ஒருத்தியே இருவரையும் மடியில் வைத்துக்கொள்ளலாமா?

முடியாது, ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான். கணவர் கூட வந்தாலும் இருவரும் அடுத்தடுத்து உட்கார முடியாமல் போகலாம். காரணம் ஆக்சிஜன் முகமூடி. ஒரு வரிசையின் ஒரு பக்கத்தில் இருக்கைகளைவிட ஒன்றுதான் கூடுதலாக இருக்கும், இரண்டு மடிக்குழந்தைகளுக்குப் போதாது. முன்பின் வரிசையிலோ நடைபாதைக்கு எதிர்ப்பக்கமோ உட்காருங்கள். இறங்கும்போது முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதை முன்பே தீர்மானித்துவிடுங்கள். அதிகம் அழுகிறவருக்கு மார்பு, சாதுவானவருக்குச் சூப்பான் என்று ஒரு தோழி வைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்துச் சாதுதான் அலறியதாம்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

டயப்பர், துடைப்பான், குழந்தைக்கு இரண்டு மாற்றுடை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது உங்களுக்கு ஒரு மாற்று மேல்சட்டை. கக்கினால் முதலில் நனைவது நீங்கள்தான். பால் கசிவுக்குப் பஞ்சுப் பட்டைகள், இல்லை மடித்த பழைய மல் துணி. ஒரு கையால் பிரித்துத் தின்னக்கூடியதாகக் கடலை மிட்டாய், அதிரசம், எதுவோ. சாப்பாடு வரும் நேரத்தில்தான் குழந்தையும் குடிக்கும், தட்டு ஆறிப்போய்த் திரும்பிவிடும்.

இறங்கிய பிறகு குடியேற்ற வரிசையில் குழந்தை பசித்து அழுதால்?

நின்றபடியே கொடுங்கள், அல்லது வரிசையை ஒழுங்குபடுத்தும் ஊழியரிடம் போய்க் கேளுங்கள். கைக்குழந்தையோடு இருப்பவரை முன்னே விடும் வழக்கம் பல விமான நிலையங்களில் உண்டு, ஆனால் கேட்காதவரைத் தேடி வந்து கூப்பிட மாட்டார்கள். பாஸ்போர்ட்டுகளையும் நுழைவு விவரத்தையும் கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் வைத்துக்கொண்டால் கை இரண்டும் பிள்ளைக்கு. நான் கைப்பைக்குள் தேடியபோது என் மகளின் பாஸ்போர்ட் டயப்பருக்குள் மடிந்து கிடந்தது. நல்லவேளை, புது டயப்பர்.